சந்தனப் பொட்டு வைத்த கிராபிக்ஸ் கார்டு

அக்கா,

நேற்று பீரோவின் மேல்தட்டிலிருந்து அந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். கவசம் போட்ட பெண் ஒருத்தி முறைத்துக்கொண்டு நிற்பாளே, உன் கிராபிக்ஸ் கார்டு வந்த சிவப்புப் பெட்டி. அவள் நெற்றிக்கு நேராக மாமா வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருக்கிறது. குங்குமம் அட்டைக்குள் ஊறி அப்படியே நின்றுவிட்டது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். புதுக் கார்டுக்கு என்று ஒரு வாசனை உண்டு என்பாய். அது போய்ப் பல வருடமாகியிருக்கும். சந்தனம் மட்டும் போகவில்லை. நின்ற இடத்திலேயே உன் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டேன்.

அழுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு சேதி இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாம் மறுபடியும் கார்டு வாங்கப் போகிறோம். நாளைக்கு நானும் உன் மகளும் தேனிக்குப் போகிறோம். அவள் இப்போது பிளஸ் ஒன். எந்தக் கார்டை எடுப்பது என்று ஒரு வாரமாகப் போனில் எனக்கும் அவளுக்கும் சண்டை. குரல் அப்படியே உன் குரல். மாமன் என்கிற மரியாதை குறையாமல் என்னை முட்டாள் என்று சொல்லவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதை நீதான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இந்தச் சண்டை நமக்குள் நடந்த வருடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்போதுதான் நாளைய பயணம் உனக்கு விளங்கும்.

அப்போது நமக்குக் கம்பத்தில் வீடு. அப்பாவுக்கு உரக்கடை. நீ உத்தமபாளையத்தில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தேனியில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் புதிதாக வேலை கிடைத்திருந்தது. நீ படிப்பதற்கென்று அப்பா வாங்கிய கம்ப்யூட்டர் முன்னறையில் பூப்போட்ட துணியால் மூடிக் கிடக்கும். அதில் நீ படித்ததைவிட விளையாடியதுதான் அதிகம் என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அம்மாவைப் பொறுத்தவரை கீபோர்டு சத்தம் கேட்டால் மகள் டைப் அடிக்கிறாள் என்று பொருள்.

ஒரு ஆட்டத்தில் நீ அப்போது பைத்தியமாகக் கிடந்தாய். பெரிய காடு. அதில் ஒருத்தி தன்னந்தனியாக ஊர் ஊராகப் போவாள். வழியில் வருகிறவர்களையெல்லாம் நீ அடித்துத் துவைத்துவிட்டுப் போவாய். ஆனால் காட்டின் நடுவே ஒரு ஆறு வரும், அங்கேதான் வம்பு. நம் கம்ப்யூட்டரில் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மதர்போர்டோடு ஒட்டி வந்ததுதான். அதற்குத் தண்ணீர் காட்டத் தெரியாது. ஆறு ஓட வேண்டிய இடத்தில் புதிதாகப் போட்ட தார்ரோடு மாதிரி கறுப்பாக ஒன்று கிடக்கும். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் உன் முகம் மாறிவிடும்.

“சுருளித் தண்ணி குடிச்சு வளந்தவடா நானு. எங்கிட்டப் போயி இத ஆறுங்கிறான்” என்பாய்.

அந்தச் சமயத்தில்தான் உனக்குக் கல்யாணம் நிச்சயமானது. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பம். அத்தானை உனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்கவும் உனக்குத் தெரியவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அத்தானின் அம்மா, நம் போடி அத்தை, முன்னறையில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் பெண் இதில் என்ன செய்யும் என்று கேட்டார்கள். டைப் அடிப்பாள், கணக்கு எழுதுவாள் என்று நம் அம்மா பெருமையாக எடுத்துவிட்டாள். அப்படியென்றால் அதுவும் கூடவே வரட்டும், கடைக் கணக்குக்கு உதவும் என்று அத்தை சொல்ல, எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் கார் தெருவைத் தாண்டியதும் என் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாய்.

“கணக்கு எழுதவாடா நான் அதத் தூக்கிட்டுப் போறேன்? அங்கன போயும் நான் வெளையாடணும். ஒளிஞ்சு மறைஞ்சு இல்ல, முன்னறையில உக்காந்து வெளையாடணும். அதுக்கு ஒரு வழி பண்ணணும்.”

கல்யாணத்தில் உனக்கு இருந்த ஒரே கவலை அதுதான். நகையிலும் புடவையிலும் நீ வாய் திறக்கவே இல்லை. அம்மா காட்டிய பட்டுக்கெல்லாம் சரி சரி என்றாய். புது வீட்டில் உன் ஆட்டம் பிழைக்குமா, பிழைக்காதா என்பது ஒன்றுதான் உனக்குக் கேள்வியாக இருந்தது. வழி என்று நீ சொன்னதை, நல்லதாக ஒரு கார்டு என்று நான் புரிந்துகொண்டேன். அது பாதிதான் என்று இப்போதுதான் தெரிகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தை மாதத்தில் முகூர்த்தம். அதற்கு முன்னால் ஐப்பசி, கார்த்திகை முழுக்க நமக்குக் கார்டுப் பேச்சுதான். உலகத்தில் அப்போது கார்டு செய்ய இரண்டு கம்பெனி. ஒன்றின் பெட்டி பச்சை, இன்னொன்றின் பெட்டி சிவப்பு. என் அலுவலகத்துக்கு வரும் சிஸ்டம் சர்வீஸ் ஆள் பச்சைக் கட்சி, அதனால் நானும் பச்சை. நீ எந்தக் கட்சியிலும் சேரவில்லை. தண்ணீரை எவன் தண்ணீராகக் காட்டுகிறானோ அவனுக்குத்தான் ஓட்டு என்றாய். சென்டரில் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் நெட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கார்டையும் பற்றி எவனெவனோ எழுதியதைப் படிப்பாய். படங்கள் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வானம் வந்துவிட்டது, மரம் வந்துவிட்டது, ஆறு வருவதற்குள் நெட் போய்விட்டது என்று ஆலைக்குப் போன் போட்டுப் புலம்புவாய். நல்ல கட்டுரை ஏதாவது அகப்பட்டால், “ஏலே, வந்திருச்சுடா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். எங்கள் அக்கவுண்டன்ட் அண்ணன் எனக்கு ஏதோ காதல் விவகாரம் என்றே முடிவு கட்டிவிட்டார்.

எனக்குப் பெரிய கார்டு மேல்தான் கண். இரண்டு மின்விசிறி, முழங்கை நீளம், பெட்டியில் ஒரு ஜி.பி. என்று கொட்டை எழுத்து. நீ சிரிப்பாய். தொட்டி எவ்வளவு பெரியதாக இருந்தால் என்ன, குழாய் அரை இஞ்சு என்றால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தானே வரும் என்று கேட்பாய். கார்டின் மெமரியைத்தான் அப்படிச் சொன்னாய் என்று எனக்குப் புரியவே இரண்டு நாளானது. மட்டமான கார்டிலும் ஒரு ஜி.பி. போட்டு விற்கிறான், அதைப் பார்த்து ஏமாறாதே என்பது உன் முதல் பாடம். பெரிய கார்டு பெரிய தீனி தின்னும் என்பது அடுத்தது. கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். நம் கேபினெட்டோடு இலவசமாக வந்தது, அதன் மேல் நானூறு வாட்ஸ் என்று ஒட்டியிருந்தது. அந்த நானூறை நீ தேர்தல் வாக்குறுதி அளவுக்குக்கூட நம்பவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே நம் ஊர்க் கரண்ட். தோட்டங்களுக்கு மும்முனைக் கரண்ட் விட்டார்கள் என்றால் கூடலூரிலிருந்து இந்தப் பக்கம் உள்ள பம்புசெட் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். நம் வீட்டு டியூப்லைட் கண்ணைச் சிமிட்டும், ஃபேன் நடக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் எத்தனை முறை தானாக அணைந்து உன் ஆட்டத்தைக் கெடுத்திருக்கிறது. அமெரிக்காக்காரன் எழுதிய கட்டுரையில் இதெல்லாம் இருக்காது, இதை நாம்தான் கூட்டிக் கழிக்க வேண்டும் என்பாய். அப்படிக் கழித்துக் கழித்து ஒரு கார்டில் வந்து நின்றாய். சிவப்புப் பெட்டி, நடுத்தரம், அப்போதுதான் புதிதாக வந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனியாக ஒரு ஒயர் கேட்காது, செருகிய இடத்தில் கிடைக்கிற கரண்டே அதற்குப் போதும். அன்று சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வருவதற்குள் நீ தெருமுனைக்கே வந்து நின்றாய். கிடைத்துவிட்டது என்றாய். அவ்வளவு சந்தோஷமாக உன்னை நிச்சயத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

நான் வாங்கித் தருகிறேன் என்றேன். புதுச் சம்பளக்காரன், உனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். நீ யோசிக்கக்கூட இல்லை.

“வேணாம்டா. இத மாமாதான் வாங்கித் தரணும்.”

ஏன், என் பணம் பணம் இல்லையா என்று கேட்டேன். நீ என் தலையில் தட்டி, “ஒம் மொற அப்பறம் வரும்” என்றாய். எனக்குச் சுருக்கென்றது. கார்டு என்றால் என்னவென்றே தெரியாத மனிதரிடம் போய்க் கேட்கிறாள், கூடவே இருந்து படித்த என்னை வேண்டாம் என்கிறாளே என்று. அந்தக் குறை எனக்குள் இத்தனை வருடமும் இருந்தது அக்கா, உன்னிடம் சொன்னதில்லை.

மாமா, அம்மாவின் அண்ணன். சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். நம் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் வருகிற நேரத்துக்குத்தான் மண்டபமே காத்திருக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஃபிரிட்ஜா, பீரோவா, என்ன வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். இரண்டு பேரும் போனோம். பந்தலுக்கடியில் குனிந்து கவாத்து பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நீ கிராபிக்ஸ் கார்டு என்றாய். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

“அது எத்தன எச்.பி. ஆத்தா?” என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன், நீ சிரிக்கவில்லை. எது, என்ன, எங்கே மாட்டுவது என்று பொறுமையாக விளக்கினாய். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், நடுத்தரமாக ஒன்று போதும் மாமா என்றாய். அங்கேதான் தப்பு நடந்தது. நடுத்தரம் என்ற சொல் அவர் காதில் வேறு மாதிரி விழுந்துவிட்டது. சுருளிப்பட்டியிலிருந்து போகிற சீர் நடுத்தரமா? சபையில் மைக் பிடித்து என்னவென்று சொல்வார்கள்? அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நமக்கு ஆளுக்கொரு கூடை பன்னீர் திராட்சை கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

அடுத்த வாரமே தனியாக மதுரைக்குப் போய், கடையில் இருப்பதிலேயே பெரியது எதுவோ அதை எடு என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். பச்சைப் பெட்டி. அதை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். நீ பெட்டியின் பக்கவாட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டிப் பார்ப்போம் மாமா என்றாய். கார்டு ஹார்டு டிஸ்க் கூட்டில் போய் இடித்தது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வெளியே ஒரு கட்டை மேல் வைத்தாய். ஒயருக்கு ஒயர் மாட்டினாய். போட்டதும் ரைஸ் மில் மாதிரி சத்தம். படம் வந்தது. காடு வந்தது, அப்படியொரு காட்டை நம் வீட்டில் நாம் பார்த்ததே இல்லை. எனக்குக் கால் தரையில் இல்லை. நீ மெதுவாக ஆற்றை நோக்கி நடத்திக்கொண்டு போனாய். கரை தெரிகிற நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம், எல்லாம் அணைந்துவிட்டது. மாமா மேலே பார்த்துவிட்டுக் கரண்ட் போய்விட்டதா என்றார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நான் பயந்தே போனேன். எஸ்.எம்.பி.எஸ். மட்டும்தான் போயிருந்தது, மற்றதெல்லாம் தப்பித்தது. ஆனாலும் கல்யாணத்துக்கு அதிக நாள் இல்லை. மாமாவிடம் இது வேண்டாம் என்று சொன்னால் அவர் சீரையே வேண்டாம் என்று சொன்னதாக ஆகும். சொல்லாவிட்டால் ஓடாத கார்டோடு நீ போடிக்குப் போக வேண்டும். அங்கே அது கணக்கு எழுதுகிற மிஷினாகத்தான் முடியும். அம்மா உன்னைத் திட்டினாள். ஒரு மோதிரம் கேட்டிருந்தால் இந்த வம்பு உண்டா என்றாள்.

நீ மறுநாள் காலையில் சுருளிப்பட்டிக்குக் கிளம்பினாய். நானும் லீவு போட்டுவிட்டு வந்தேன். நேராக மாமாவின் கிணற்றடிக்குப் போனாய். மோட்டார் ரூமில் ஒரு மூலையில் சாக்குப் போர்த்தி ஒரு பெரிய மோட்டார் கிடக்கும். நாம் சின்னதில் அதன் மேல் ஏறிக் குதிரை ஓட்டியிருக்கிறோம். அதைக் காட்டி, இது ஏன் மாமா இங்கே கிடக்கிறது என்று கேட்டாய், ஒன்றுமே தெரியாதவள் மாதிரி. அந்தக் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்துத் தோட்டக்காரர் ஏழரை எச்.பி. போட்டார் என்று மாமா பத்து எச்.பி. வாங்கி இறக்கினார். கிணற்றில் ஊறுகிற தண்ணீரை அது உறிஞ்சி முடித்துவிட்டுக் காற்றை இழுத்து, உள்ளே சுற்றியிருந்த கம்பி கருகி, கடைசியில் சாக்குக்குள் போனது. அதன் பிறகு வந்த ஐந்து எச்.பி.தான் தோட்டத்தைக் காப்பாற்றியது. மாமா உன்னைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார். அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

“ஊறுற அளவுக்குத்தேன் இழுக்கணும். அதான சொல்ல வர்ற?” என்றார்.

அதேதான் மாமா, எங்கள் வீட்டுக் கரண்ட் சின்னக் கிணறு, போடியிலும் அப்படித்தான் இருக்கும் என்றாய். அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் முகம் தெளியவில்லை. எடுத்த சீரைத் திருப்பிக் கொடுத்தான் என்ற பேர் வேண்டாம் ஆத்தா, அது நல்லதில்லை என்றார். அவர் சொன்னது நியாயம். நம் பக்கத்தில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். நான் முடிந்தது கதை என்று நினைத்தேன். நீ கேட்டாய்:

“பெட்டிக்குச் சந்தனம் வச்சீகளா மாமா?”

“இன்னும் வைக்கலையே.”

“அப்ப அது இன்னும் சாமான்தேன். சந்தனம் வச்சாத்தேன் சீரு.”

 மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். உன்னை வக்கீலுக்குப் படிக்க வைக்காமல் விட்டுவிட்டோமே என்றார். அன்று மத்தியானமே நாம் மூன்று பேரும் பச்சைப் பெட்டியோடு மதுரை பஸ்ஸில் இருந்தோம். கடைக்காரர் நீ கேட்ட கேள்விக்கெல்லாம் என்னைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா குறுக்கே புகுந்து, “கேக்குறது அது. அதப் பாத்துச் சொல்லுங்க” என்றார். அதற்குப் பிறகு அவர் உன்னைப் பார்த்துத்தான் பேசினார். பச்சைப் பெட்டி கடைக்குத் திரும்பிப் போய், சிவப்புப் பெட்டி கைக்கு வந்தது. இவ்வளவு சின்னதா, கேபினெட்டுக்குள் மாட்டிவிட்டால் சபையில் யார் கண்ணுக்குத் தெரியும் என்று மாமா மறுபடியும் கலங்கினார். அதற்கும் நீ வழி வைத்திருந்தாய். ஒரு பக்கம் கண்ணாடி போட்ட கேபினெட், உள்ளே நீல விளக்கு, கூடவே உருப்படியாக ஒரு எஸ்.எம்.பி.எஸ். மாமாவுக்குக் கேபினெட்டைப் பார்த்ததும் உயிர் வந்தது. வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் வீட்டில் மாட்டியதும் போட்டுப் பார்க்க நான் அவசரப்பட்டேன். நீ விடவில்லை. தோட்டத்துக்குக் கரண்ட் விடுகிற நேரம் வரட்டும் என்றாய். கரண்ட் மோசமாக இருக்கும்போது ஓடினால்தான் ஓடியதாகக் கணக்கு என்பது உன் கட்சி. மாமா ஒரு கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் டியூப்லைட் சிமிட்டியது. ஃபேன் இறங்கியது. நீ பட்டனை அமுக்கினாய். நீல விளக்கு எரிந்தது, காடு வந்தது. மாமா விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, வைக்கலாமா என்றார்.

“இருங்க மாமா. மொதல்ல தண்ணி ஓடட்டும்.”

அந்த ஒற்றையடிப் பாதையில் நீ அவளை நடத்திக்கொண்டு போனாய். மரங்கள் விலகின. அக்கா, ஆறு ஓடியது. தார்ரோடு கிடந்த இடத்தில் நிஜமாகவே ஆறு ஓடியது. அடியில் கூழாங்கல் தெரிந்தது. கரையில் நின்ற மரம் தலைகீழாக உள்ளே ஆடியது. நீ மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டாய். அடிக்க வேண்டிய ஆட்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள், நீ திரும்பிப் பார்க்கவில்லை. “மேகம் உள்ள போகுது பாருடா” என்று மட்டும் சொன்னாய். உன் கண் கலங்கியிருந்தது. பின்னால் வந்தவர்கள் உன்னை வெட்டிப் போட்டார்கள், நீ சிரித்தாய். இதற்குத்தானா இந்தப் பாடு என்று கேட்டபடி வந்த அம்மா, பார்க்க உட்கார்ந்தவள் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. டியூப்லைட் சிமிட்டிக்கொண்டே இருந்தது, கம்ப்யூட்டர் அணையவில்லை. நீ மாமா பக்கம் திரும்பி, இப்போது வையுங்கள் என்றாய். அவர் பெட்டியில் சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார்.

மண்டபத்தில் நடந்ததை இன்றைக்கும் கம்பத்தில் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. மேளத்தோடு சீர் வந்தது. முதல் தட்டில் பட்டு, அடுத்ததில் தேங்காய் பழம், அதற்கடுத்த தட்டில் திராட்சைக் குலைகளுக்கு நடுவே கவசம் போட்ட அந்தப் பெண், நெற்றிப் பொட்டோடு. மாமா அதோடு விடவில்லை. பீரோவுக்கும் கிரைண்டருக்கும் பக்கத்தில் மேஜை போட்டுக் கம்ப்யூட்டரை ஓடவிட்டார். நீ முதல் நாளே ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்தி வைத்திருந்தாய். பந்திக்குப் போகிற கூட்டம் அங்கே நின்றது. இது சுருளியில் எந்தப் பக்கம் என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். மாமா மைக்கை வாங்கி, என் மருமகளுக்கு நான் செய்த சீர் இது என்று போடிக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னார். போடி அத்தை கிட்டே வந்து பார்த்துவிட்டு, தண்ணீரைத் தொடுவது போல மானிட்டரைத் தொட்டுப் பார்த்தார்கள். நீ மணவறையிலிருந்து அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாய். புறப்படும்போது எல்லோரும் அழ, நீ மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இந்தக் காலிப் பெட்டியைக் கையில் கொடுத்தாய். வைத்துக்கொள், உன் முறை வரும்போது வேண்டும் என்றாய். பெட்டியை வைத்து நான் என்ன செய்ய என்று கடுப்பாகத்தான் வாங்கினேன்.

போடிக்கு வரும்போதெல்லாம் பார்ப்பேன். கண்ணாடிக் கேபினெட் முன்னறையில் சாமி படத்துக்குக் கீழே நீல விளக்கோடு இருக்கும். மத்தியானம் வேலை முடிந்ததும் நீ உட்காருவாய். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒரு தடவை விருந்துக்கு வந்த ஒரு அம்மாள், மருமகள் இப்படிக் கம்ப்யூட்டரில் சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே என்று இழுத்தார்கள். போடி அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அது அவ தாய்மாமன் செஞ்ச சீரு. அப்படித்தேன் ஓடும்” என்றார்கள். நல்ல மாமியார் வாய்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல மாமியார்தான். ஆனால் விஷயம் அது மட்டுமில்லை என்று எனக்கு உறைக்கவில்லை.

உன் மகள் பிறந்து, உன் மடியில் உட்கார்ந்து அதே ஆற்றைப் பார்த்து வளர்ந்தாள். அந்தக் கார்டு ஓய்ந்து வேறு மிஷின் வந்தது. போன வருடம் மழைக்காலத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வரவில்லை. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியாததும் இல்லை. விட்டுவிடுகிறேன்.

இப்போது சேதிக்கு வருகிறேன். அத்தான் போடியில் புது வீடு கட்டி முடித்துவிட்டார். வரும் மாதம் பால்காய்ச்சு. நீ இல்லாவிட்டாலும் உன் பிறந்த வீட்டிலிருந்து சீர் போக வேண்டும். என்ன கொண்டு போவது என்று தெரியாமல் ஜவுளிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உன் மகள் போன் பண்ணினாள்.

“பட்டுச்சேல யாருக்கு மாமா எடுப்பீக? அம்மா இல்லையே. எனக்குக் கார்டு எடுங்க.”

அப்பாவிடம் கேட்க வேண்டியதுதானே என்றேன். கேட்டாளாம். பரீட்சையெல்லாம் முடியட்டும் என்றாராம். அவர் வாங்கித் தந்தாலும் மார்க் குறைந்தால் தூக்கிப் பரண்மேல் வைத்துவிடுவாராம். அப்புறம் சொன்னாள்:

“மாமா சீருன்னு வந்தா யாரும் தூக்கி மூலையில வைக்க முடியாது. அது ஒங்களையே மூலையில வைக்கிற மாதிரி. அம்மாதான் சொல்லியிருக்காக. அதுக்குத்தேன் அம்மாவும் அவுக மாமாவ வாங்கித் தரச் சொன்னாகளாம்.”

கடை வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. கொல்லைப்பக்கத்தில் நீ சொன்ன வழி அதுதானா? நான் வாங்கித் தந்திருந்தால் அது தம்பி கொடுத்த ஒரு பொருள். அவர்கள் அதில் கணக்கு எழுதச் சொல்லியிருக்கலாம். மாமா சந்தனம் வைத்துச் சபையில் சொன்னதை யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அதை எனக்குச் சொல்லாமல் உன் மகளுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய், கள்ளி. என் மேல் நம்பிக்கை இல்லை என்று நான் இத்தனை காலம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வீண். அந்தப் படியில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன். ஜவுளிக் கடைப் பையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அத்தானிடம் பேசிவிட்டேன். பரீட்சை நேரத்தில் அவள் தானாகவே மூடி வைப்பாள் என்று நான் ஜாமீன் கொடுத்திருக்கிறேன். முறைத்தார். கடைசியில், மாமன் சீர், இதில் நான் என்ன சொல்ல முடியும் என்றார். பார்த்தாயா, இன்றைக்கும் வேலை செய்கிறது. சுருளிப்பட்டி மாமாவுக்கும் போன் போட்டேன். காது சரியாகக் கேட்கவில்லை, ஆனாலும் எத்தனை எச்.பி. என்று கேட்க மறக்கவில்லை.

எனக்கோ இப்போது பெரியதுதான் வாங்க வேண்டும் என்றிருக்கிறது. மூன்று மின்விசிறி, இருப்பதிலேயே பெரியது. அன்றைக்கு மாமாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. உன் மகள் விடமாட்டேன் என்கிறாள். மாமா, எங்கள் எஸ்.எம்.பி.எஸ். தாங்காது, நடுத்தரமே போதும் என்கிறாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கும் கோபம்தான் வந்தது. அப்புறம் மோட்டார் ரூமில் சாக்குக்குள் கிடந்த அந்தப் பத்து எச்.பி. ஞாபகத்துக்கு வர, சரி ஆத்தா என்றேன்.

நாளைக்குக் கிளம்பும்போது இந்தப் பழைய பெட்டியையும் எடுத்துக்கொண்டு போகிறேன். புதுக் கார்டைப் போடியில் மாட்டி, ஆற்றங்கரை எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்பேன். அவளுக்குத் தெரிந்திருக்கும். என் முறை வந்திருக்கிறது அக்கா. சந்தனம் குழைத்துத் தயாராக வைத்திருப்பேன், ஆனால் உடனே வைக்க மாட்டேன். முதலில் தண்ணீர் ஓடட்டும்.